திரையில் பந்து தாறுமாறாகப் பறந்தால் என்ன செய்வது?

மளிகைக் கடைக்குத் தராசு எப்படியோ, உள்ளரங்கக் கோல்ஃப் கூடத்துக்குப் பந்தை அளக்கும் கருவி அப்படி. தராசு பிசகினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கோல்ஃப் கூடத்தில் சண்டை போட மாட்டார். அடுத்த வாரம் வர மாட்டார், அவ்வளவுதான். தென் கொரியாவில் 2000-ஆம் ஆண்டு கோல்ஃப்சோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் அந்நாட்டில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் இத்தொழிலில் இறங்க நினைக்கும் நம் உறுப்பினர்கள், முதல் போடுவதற்கு முன்பே இதன் கோளாறுகளையும் தெரிந்துகொள்வது நல்லது.

திரையில் நாம் காணும் பந்தின் பறப்பு படம் பிடித்துக் காட்டப்படுவது அல்ல. கணக்குப் போட்டுக் காட்டப்படுவது. நிஜப் பந்து மூன்று நான்கு மீட்டரிலேயே திரையில் மோதி விழுந்துவிடுகிறது. விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்லும் பந்து 3 மீட்டரைக் கடக்க, ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கே ஆகும். அதற்குள் வேகம், எழும் கோணம், திசை, சுழற்சி ஆகியவற்றைக் கருவி அளந்து முடிக்கிறது. மீதித் தூரம் முழுவதும் கம்ப்யூட்டரின் கணக்கு. ஆகவே பிசகு அளவிலா, கணக்கிலா, படத்திலா என்று பார்க்காமல் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புவது வீண் செலவு.

படத்தை விட்டுவிட்டு முதலில் எண்களைப் பாருங்கள். எண்கள் நியாயமாக இருந்து, படம் மட்டும் திக்கித் திக்கி வந்தால் கம்ப்யூட்டரையோ, கேபிளையோ, புரொஜெக்டரையோ கவனிக்க வேண்டும். பந்து திரையின் நடுவில் பட்டும் படத்தில் ஓரத்திலிருந்து கிளம்புகிறதா? புரொஜெக்டர் நகர்ந்திருக்கும், அதை நேராக்கினால் தீர்ந்தது.

எண்களே தவறு என்றால் சற்றுப் பொறுமை வேண்டும். கருவிகளில் கேமரா வகை உண்டு, ரேடார் வகை உண்டு. கேமரா வகைக்கு வெளிச்சமே பகை. ஜன்னல் வழியே வரும் வெயிலும், பளபளக்கும் மட்டையும் அதை ஏமாற்றும். கண்ணாடியில் தூசி, பந்தில் அழுக்கு இருந்தாலும் சுழற்சியைச் சரியாகப் படிக்காது. ரேடார் வகை பந்துக்குப் பின்னால் வைக்கப்படுவது. அதற்கு இடம் வேண்டும். பந்து பறக்கப் போதிய தூரம் இல்லாத குறுகலான அறையில் அது தடுமாறும். சுற்றும் மின்விசிறியும் டியூப் லைட்டும்கூட அதற்குத் தொல்லை தரலாம். எனவே ரேடார் வாங்குகிறவர், விலை பேசுமுன் அறையின் நீளத்தை அளந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி மறக்கப்படுவது விரிப்பு. தினமும் ஒரே இடத்தில் அடி விழுவதால் விரிப்பு குழிந்துவிடும். கருவி பழைய உயரத்திலேயே இருக்க, பந்து மட்டும் இறங்கிப்போகும். பிறகு அளவு எப்படிச் சரியாக இருக்கும்?

திசையைச் சோதிக்க ஒரு நூல் போதும். பந்து வைக்கும் இடத்திலிருந்து திரையின் நடுப்புள்ளி வரை நூல் பிடித்து, திரையில் சிறு அடையாளம் வையுங்கள். பந்து அந்த அடையாளத்தில் பட்டால் திசை பூஜ்யம் என்று வர வேண்டும். 3 பாகை வலப்பக்கம் என்று காட்டினால் கருவி திரும்பியிருக்கிறது என்று பொருள். 3 பாகைதானே என்று விட்டுவிடக் கூடாது. 200 மீட்டர் தூரத்தில் அது சுமார் 10 மீட்டர் விலகலாகும். நேராக அடித்தவரின் பந்து காட்டுக்குள் போய் விழும்! இந்த நூல்தான் இத்தொழிலின் எடைக்கல். காலையில் கூடம் திறந்ததும் ஒரே ஊழியர், ஒரே மட்டையால் ஐந்து பந்துகள் அடித்து எண்களை நோட்டில் குறிக்க வேண்டும்.

கருவி கூறும் வேகமும் கோணமும் சரி, தூரம் மட்டும் தவறு என்றால் அமைப்புகளைப் பாருங்கள். 150 கஜம் என்பது 137 மீட்டர்தான். கஜத்துக்குப் பதில் மீட்டர் என்று மாறியிருந்தால், நன்றாக அடித்தவருக்கும் தூரம் குறைந்துவிட்டதாகத் தோன்றும். டென்வர் போல 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊருக்கு அமைப்பை வைத்து ஆடிவிட்டு மாற்ற மறந்தால், காற்று மெலிந்த கணக்கில் எல்லோருடைய பந்தும் அதிகத் தூரம் போகும். வாடிக்கையாளர் மகிழ்வார், நிஜ மைதானத்துக்குப் போனதும் நம்மைத் திட்டுவார்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிசகு நீடித்தால், விற்றவரை அழைக்கலாம். நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "திடீரென்று சரியில்லை" என்பதைவிட, "வியாழக்கிழமையிலிருந்து திசை மட்டும் மாறுகிறது, வேகம் சரி" என்றால் பாதி வேலை தொலைபேசியிலேயே முடியும். பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, கருவியை மட்டம் பார்த்து நிறுத்தும் வேலையும் விரிப்பு மாற்றும் செலவும் யாரைச் சேர்ந்தவை என்று எழுதி வாங்கிவிடுங்கள்.