காசு கேட்காமல் கொடுத்த ரோடு

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் பழைய ரோட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் முதலில் சொல்வார்கள். ஏரிப் பாசன நாடு இது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் வயல் எது, வழி எது என்று தெரியாது. வண்டிச் சக்கரம் சேற்றில் பாதி வரை இறங்கும். பிரசவ வலி கண்டவளைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, நாலு பேர் தோள் கொடுத்து, பஸ் நிற்கும் கூட்டுரோடு வரை தூக்கிப் போவார்கள். கோடையில் அதே பாதையில் கணுக்கால் வரை புழுதி.

பிறகு கப்பி ரோடு வந்தது. கருங்கல் ஜல்லியைப் பரப்பி, கிராவலைத் தூவி, தண்ணீர் ஊற்றி, ரோலரை ஓட்டி இறுக்குவார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். அப்புறம் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.

தார் வந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. பீப்பாயை வெட்டிப் பிளந்து, ரோட்டோரத்தில் விறகு மூட்டித் தாரைக் காய்ச்சுவார்கள். கலவையைப் பெண்கள் இரும்புச் சட்டியில் ஏந்தி ஓடிவந்து கொட்டுவார்கள். காலில் கோணிச் சாக்கைச் சுற்றியிருப்பார்கள். அதுதான் அவர்களுக்குச் செருப்பு. வெளி மாவட்டத்திலிருந்து வந்த கூலிக் குடும்பங்கள் அவை. ரோட்டோரத்தில் கூடாரம், புளியமரக் கிளையில் தூளி. வேலை முடிந்ததும் பலகை நட்டார்கள். அதில் எம்.எல்.ஏ. பெயர் இருந்தது, சட்டி தூக்கியவள் பெயர் இல்லை. இன்றைக்கும் இருப்பதில்லை.

இன்று ஹாட் மிக்ஸ் பிளான்டில் கலந்த கலவை, படுதா மூடிய டிப்பரில் சூடாக வந்து இறங்குகிறது. பேவர் மிஷின் அதை ஒரே கனத்தில் பரப்பிக்கொண்டு போகிறது. காலையில் தொடங்கிய ரோடு சாயங்காலம் முடிந்துவிடுகிறது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராம சாலைத் திட்டமும், பின்னால் வந்த மாநிலத் திட்டங்களும் சேர்ந்து, பஸ்ஸே பார்க்காத குக்கிராமத்துக்கும் ஆம்புலன்ஸ் போக வழி செய்துவிட்டன. ஜல்லிக்கு அலைய வேண்டியதில்லை. மதூர், அருங்குன்றம் பக்கம் கல்குவாரியும் கிரஷரும்தான். (தமிழ்நாட்டு ரோடுகளுக்கு ஜல்லி கொடுக்கும் இந்த வட்டாரத்தின் சொந்த ரோடுகளை அந்த ஜல்லி லாரிகளே உடைக்கின்றன. 2021 பிப்ரவரியில் மதூர் குவாரியில் மண் சரிந்து தொழிலாளிகள் இறந்த செய்தியையும் நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம்.)

இந்த மாற்றத்துக்குள் மதுரைக்காரர் ஒருவர் இருக்கிறார். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். சிவில் இன்ஜினீயர் அல்ல, வேதியியல் வாத்தியார். ஆனாலும் இந்தியாவில் ரோடு போடும் முறையை அவர் அளவுக்கு மாற்றிய சிவில் இன்ஜினீயர் யார் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று ஒரு பெயர் வரவில்லை.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளாஸ்டிக் பை கிராமத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. குப்பைமேட்டில் மேய்ந்த மாட்டின் வயிற்றிலிருந்து கிலோ கணக்கில் பை எடுத்த செய்திகள் வந்தன. எல்லோரும் தடை செய் என்றார்கள். வாசுதேவன் வேறு விதமாக யோசித்தார். நாம் தார் என்று சொல்லும் பிட்டுமினும் கச்சா எண்ணெயின் வாரிசு, பிளாஸ்டிக்கும் அதன் வாரிசு. இரண்டும் ஒட்ட வேண்டுமே!

அவர் கண்டது எளிய முறை. பிளாஸ்டிக்கை நேரே தாரில் கரைக்கவில்லை, அதில்தான் சூட்சுமம். ஜல்லியை 170 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, பொடிப்பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், ஒரு நிமிஷத்துக்குள் உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் தோலாகப் படிந்துவிடும். அப்புறம் தாரைச் சேர்த்தால் கல்லும் தாரும் இறுகப் பிடித்துக்கொள்ளும். தார் ரோட்டின் முதல் எதிரி தண்ணீர். கல்லுக்கும் தாருக்கும் நடுவே நுழைந்து இரண்டையும் பிரிப்பது அதுதான். பிளாஸ்டிக் தோல் போர்த்திய கல்லில் அது நுழைவது கடினம். புது மிஷின் வேண்டாம், புது ஆள் வேண்டாம். மெல்லிய பை, டீ கப், தெர்மாகோல், பிஸ்கட் உறை எல்லாம் செல்லும். பி.வி.சி. மட்டும் கூடாது, சூட்டில் நச்சுவாயு வரும்.

3.75 மீட்டர் அகலத்தில் 1 கிலோமீட்டர் ரோடு போட 10 டன் தார் ஆகும். இந்த முறையில் 9 டன் தாரும் 1 டன் பிளாஸ்டிக்கும் போதும். அந்த ஒரு டன் என்பது ஏறக்குறைய 10 லட்சம் பிளாஸ்டிக் பை.

2002இல் கல்லூரி வளாகத்திலேயே முதலில் போட்டுப் பார்த்தார். அதே காலத்தில் கோவில்பட்டியிலும், சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும் போட்டார்கள். சில ஆண்டு கழித்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்த ரோடுகளை ஆராய்ந்தபோது, குழியும் வண்டித்தடப் பள்ளமும் இல்லாமல் அவை நன்றாகவே இருந்தன. அதற்குள் தமிழ்நாடு அரசு ஊரக வளர்ச்சி முகமை வழியாக 1,000 கிலோமீட்டருக்கு மேல் கிராம ரோடுகளை இப்படிப் போடத் தொடங்கியிருந்தது. மகளிர் குழுக்கள் பையைக் கழுவி, காயவைத்து, மிஷினில் நறுக்கிக் கொடுத்தன. 2006இல் காப்புரிமை கிடைத்தது. 2013இல் இந்திய சாலைக் காங்கிரஸ் இதற்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2018இல் பத்மஸ்ரீ.

இவரைக் கொடையாளி என்றும் சொல்வேன், அதற்குக் காரணம் வேறு. காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, முறையை இந்தியாவுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து விலை பேசி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று பெயரெழுதி வெளிச்சத்தைப் பாதியாக்குகிற கொடையாளிகளும் உண்டு. இந்தக் கொடை எந்த ரோட்டில் இருக்கிறது என்று பார்த்தால்கூடத் தெரியாது.

குறையும் சொல்ல வேண்டும். ரோடு தேயும்போது நுண்பிளாஸ்டிக் மண்ணில் சேருமா என்ற கேள்வி நியாயமானது. உண்மையான சிக்கல் அதற்கு முந்தியது. சுத்தமான, பிரித்தெடுத்த பிளாஸ்டிக் கிடைக்க வேண்டும். ஊராட்சியின் தூய்மைக் காவலர் வாசலில் நின்று மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு கூடையை நீட்டுகிறார். நாம் மீன் கழுவிய பையைச் சோற்றோடு சுருட்டி ஒரே கூடையில் போடுகிறோம். பேராசிரியர் முறையைக் கொடுத்தார், மூலப்பொருள் நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

இன்னொன்று. மதுரையில் அந்த ரோடு போட்ட அதே 2002ஆம் ஆண்டு செப்டம்பரில், 1997இல் வேலைக்கு எடுத்த ஏறக்குறைய 10,000 சாலைப் பணியாளர்களை மாநில அரசு நீக்கியது. மழைக்கு முன்னால் ஓரத்து மண்ணை வெட்டித் தண்ணீருக்கு வாட்டம் கொடுத்து, சின்னப் பள்ளத்தைப் பெரிதாகும் முன் அடைத்தவர்கள் அவர்கள். 2006இல்தான் திரும்ப எடுத்தார்கள். நடுவில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாக்கக் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. எந்த ரசாயனம் கலந்த ரோடும் மண்வெட்டி பிடித்த ஓர் ஆள் இல்லாமல் நிலைக்காது என்பது என் கட்சி.

இதை உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. முதற் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் இங்கே பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைக்காக மட்டும் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ஏரி வாரியத்துக்கு 6 பேர், 360 நாள் பொறுப்பு, அப்புறம் வேறு ஆள் என்று அதில் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது, அவன் உறவினர் பெயரையும் இடக்கூடாது. வெட்டிய ஏரியை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள ஆளும், அந்த ஆளைக் கேட்க விதியும் சேர்த்தே வைத்தார்கள்.

இன்று ரோடு வேலையின் கணக்கு எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் இருக்கிறது. அதை ஊர்க்காரர் பார்த்ததில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே தார் ஊற்றி, ரோடு உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போன தெருக்கள் ஏராளம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்ட பிறகும் அது நிற்கவில்லை.

வாசுதேவனுக்கு இந்த வட்டாரத்தில் யாரும் சிலை வைக்க வேண்டாம். குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: நம் ஊர் ரோட்டில் பிளாஸ்டிக் கலந்தீர்களா? பழைய தாரைச் சுரண்டினீர்களா? பிரதமர் திட்ட ரோடு என்றால் ஒப்பந்ததாரருக்கு 5 ஆண்டுப் பராமரிப்புப் பொறுப்பு உண்டே, அது எந்தத் தேதியில் முடிகிறது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.