இருபது மாதக் கணக்கு

டிசம்பர் வந்தால் ஆன்லைன் கேம் விற்கும் கடைகளில் பழைய விலைகள்மீது கோடு விழுந்துவிடும். ஐம்பது சதவீதம், எழுபத்தைந்து சதவீதம் என்று தள்ளுபடிகள் வரிசைகட்டி நிற்கும். அறுபது டாலர் கேம் ஒன்றைப் பதினைந்து டாலருக்கு வாங்கி, ஒரு நாள்கூடத் திறக்காமல் போட்டுவைத்தால் நட்டம் பதினைந்து டாலர்தான். அந்தக் கூட்டத்தில் சத்தமில்லாமல் நிற்கும் இன்னொரு சரக்கைத்தான் கவனிக்க வேண்டும்: வாழ்நாள் சந்தா. மாதாமாதம் பணம் கட்டி ஆட வேண்டிய விளையாட்டுக்கு ஒரு பெருந்தொகையை ஒரே தடவையில் கட்டிவிட்டால், பிறகு எப்போதும் சந்தா கட்ட வேண்டாம். ‘ஸ்டார் ட்ரெக் ஆன்லைன்’ விளையாட்டு வெளியானபின் அதன் வாழ்நாள் சந்தாவின் முழு விலை 299.99 டாலர், இன்றைய மதிப்பில் 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல். பண்டிகைக் காலத்தில் அதைக் குறைத்து விற்றதும் உண்டு, சில சமயம் 200 டாலருக்கு. நூறு டாலர் மிச்சம் என்று மனம் துள்ளும். ஆனால் இந்த வியாபாரத்தில் தள்ளுபடி எவ்வளவு என்பது இரண்டாம்பட்சம். அந்த விளையாட்டு எத்தனை மாதம் கட்டண விளையாட்டாகவே நீடிக்கும், அதில் எத்தனை மாதம் வாங்கியவர் உண்மையில் ஆடுவார் என்ற இரண்டும்தான் லாப நட்டத்தை முடிவுசெய்கின்றன. முதல் கேள்விக்கு விற்பவருக்கு ஓரளவு விடை தெரியும். இரண்டாவதற்கு வாங்குபவர் தனக்குத்தானே தப்பான விடை சொல்லிக்கொள்வார்.

முதல் கேள்விக்குச் சரித்திரம் தரும் பதிலைப் பார்க்கலாம். அமெரிக்காவில் இத்தகைய விளையாட்டுகளின் வழக்கமான மாதச் சந்தா 14.99 டாலர். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன்’ 2007 ஏப்ரலில் வந்தபோது, முன்பதிவு செய்தவர்களுக்கு இரண்டு சலுகைகள் இருந்தன: மாதம் 9.99 டாலர், அல்லது வாழ்நாளுக்கு 199 டாலர். வகுத்துப் பார்த்தால் இருபது மாதம். அதற்குமேல் ஆடும் ஒவ்வொரு மாதமும் லாபம். இந்தக் கணக்கை மற்ற விளையாட்டுகளுக்கும் போட்டால் விஷயம் சுவாரசியமாகிறது. ‘ஸ்டார் ட்ரெக் ஆன்லைன்’ 2010 பிப்ரவரியில் வந்தது. முன்பதிவில் வாழ்நாள் சந்தா 239.99 டாலர், அதாவது பதினாறு மாதச் சந்தா. 2012 ஜனவரியில் விளையாட்டு எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. முதல் நாளே வாங்கியவர் தப்பித்தார். ஓராண்டு கழித்து 299.99 கொடுத்து வாங்கியவர், இன்னும் ஓராண்டில் இலவசமாகப்போகும் பொருளுக்கு இருபது மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தார். ‘டிசி யுனிவர்ஸ் ஆன்லைன்’ கதை இன்னும் மோசம். 2011 ஜனவரியில் தொடங்கி அதே ஆண்டு நவம்பரில் இலவசமானது, அதன் 199.99 டாலர் வாழ்நாள் சந்தா ஈடாகப் பதின்மூன்று மாதத்துக்கு மேல் தேவை. 2012 ஜூலையில் வந்த ‘த சீக்ரெட் வேர்ல்ட்’ அதே டிசம்பரிலேயே கட்டாயச் சந்தாவைக் கைவிட்டது. அதற்கும் வாழ்நாள் விலை 199.99தான்.

எல்லாவற்றிலும் தெளிவான பாடம் ‘ஹெல்கேட்: லண்டன்’. ‘டயாப்லோ’ விளையாட்டுகளை உருவாக்கிய சிலர் பிளிஸார்ட் நிறுவனத்திலிருந்து வெளியேறித் தொடங்கிய ஃபிளாக்ஷிப் ஸ்டூடியோஸ் உருவாக்கிய அது, 2007 அக்டோபர் 31 அன்று வெளியானது. பெயர் பெற்றவர்கள் என்பதால் எதிர்பார்ப்பு ஏகத்துக்கு இருந்தது. மாதச் சந்தா 9.95 டாலர், ஆரம்பகால ஆதரவாளர்களுக்கு 149.99 டாலரில் வாழ்நாள் சந்தா. பதினைந்து மாதம் ஆடினால் போட்ட பணம் ஈடாகும். ஒன்பதாவது மாதத்தில், 2008 ஜூலையில், நிறுவனம் கவிழ்ந்தது. அதன்பின் சர்வர்கள் கொஞ்ச காலம் கட்டணமில்லாமல் ஓடி, 2009 ஜனவரி 31 அன்று நின்றன. வெளியான நாளிலிருந்து எண்ணினால் சரியாகப் பதினைந்து மாதம்! பணம் ஈடாக வேண்டிய நாளும் விளையாட்டு மூடிய நாளும் ஒன்றாகிப்போயின. ஆனால் மாதாமாதம் கட்டியவருக்குக் கடைசி மாதங்கள் இலவசம். மொத்தமாகக் கட்டியவருக்கு அந்த மாதங்களுக்கான பணம் திரும்பவில்லை.

இவற்றைத் துரதிருஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ மாதச் சந்தா கட்டும் கூட்டத்தைப் பெருமளவு தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பின்னால் வந்தவை முதல் சில மாதங்களில் நிறைய ஆட்களைச் சேர்த்தன, பிறகு இழந்தன. ஆட்கள் குறைந்தால் சந்தாவை எடுத்துவிட்டு உள்ளே பொருள்கள் விற்றுச் சம்பாதிப்பதே வழி என்று 2009 முதல் 2012 வரை ஒவ்வொன்றாக மாறின. வாழ்நாள் சந்தா விற்பவருக்கு ஏன் பயன்படுகிறது என்பது இந்தச் சூழலில்தான் புரிகிறது: எதிர்காலத்தில் வருமா வராதா என்று தெரியாத பணம் இன்றே கைக்கு வந்துவிடுகிறது. வாங்குபவர் பார்வையில் பார்த்தால் இது வட்டியும் ஜாமீனும் இல்லாத கடன். ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளாகச் சந்தா வாங்கும் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வாழ்நாள் சந்தா விற்கவே இல்லை. மாதாமாதம் நிச்சயமாக வரும் பணத்தைத் தள்ளுபடி கொடுத்து மொத்தமாக வாங்க அதற்கு என்ன தேவை?

இதற்கு எதிரான வலுவான வாதம் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன்’தான். 2010இல் அதுவும் இலவசமானது என்றாலும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. 199 டாலர் கட்டியவர்கள் இத்தனை ஆண்டுகளாக உயர்நிலை உறுப்பினராக நீடிக்கிறார்கள். மாதந்தோறும் 500 புள்ளிகளும் கிடைக்கின்றன. ‘ஸ்டார் ட்ரெக்’ வாழ்நாள் உறுப்பினருக்கும் மாதம் 500 ‘ஜென்’ (விளையாட்டுக்குள் செல்லும் காசு), கடை விலையில் ஐந்து டாலர், ஆண்டுக்கு அறுபது. ஐந்தாண்டில் 300 டாலர் திரும்பிவிடுகிறதே என்பார்கள். கணக்கில் பிழையில்லை, அந்தப் பணத்தை எங்கே செலவிடலாம் என்பதில்தான் சிக்கல். அது நிறுவனமே அச்சடித்து, நிறுவனமே விலை வைத்த பொருள்களுக்கு மட்டும் செல்லும் காசு. அதோடு, ‘ரிங்ஸ்’ வாழ்நாள் உறுப்பினர்கள் 2011இல் வந்த ‘ரைஸ் ஆஃப் ஐசன்கார்ட்’, 2017இல் வந்த ‘மோர்டோர்’ போன்ற விரிவாக்கப் பகுதிகளைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. இருந்தும் அவர்கள் ஜெயித்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 2007இல் ‘ரிங்ஸ்’ வாங்கியவரும் ‘ஹெல்கேட்’ வாங்கியவரும் ஒரே தகவலை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள். ஒருவர் பிழைத்தார் என்பதால் இருவர் முடிவும் புத்திசாலித்தனம் ஆகிவிடாது.

விற்பவர் கையில் இருக்கும் தகவல் வேறு. மொத்தமாக வந்த சந்தாவை நிறுவனங்கள் அன்றே முழு வருமானமாகக் காட்டிவிட முடியாது. எத்தனை காலத்துக்குச் சேவை தருவோம் என்று ஒரு மதிப்பீடு போட்டு, அந்தக் காலம் முழுக்கப் பரப்பித்தான் கணக்கெழுத வேண்டும். அதாவது ‘வாழ்நாள்’ எவ்வளவு என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு எண் இருக்கிறது. விளம்பரத்தில் மட்டும் அது இல்லை. இந்தியாவில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2005 கடைசியில் செல்போன் நிறுவனங்கள் ‘லைஃப்டைம் வேலிடிட்டி’ சிம்களை விற்கத் தொடங்கின. 2006இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, சேவை நடத்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கும்வரை அந்தத் திட்டம் செல்லும் என்று வரையறுத்தது. குறைந்தபட்சம் எதுவரை என்று வாங்கியவருக்குத் தெரிந்தது. ஆன்லைன் கேம்களுக்கு அப்படியொரு எல்லைக்கோடு இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை ‘வாங்குங்கள்’ என்று சொல்லி விற்பவர், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமை அல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்று சொல்லியாக வேண்டும். நல்ல சட்டம்தான், ஆனால் எத்தனை நாள் அனுமதி என்று சொல்லும்படி அது கேட்கவில்லை.

இரண்டாவது கேள்வி நம்மைப் பற்றியது. பொருளாதார அறிஞர்கள் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிகே மால்மெண்டியரும் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் உறுப்பினர்கள் 7,000க்கும் மேற்பட்டவர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதக் கட்டணம் கட்டியவர்கள் ஒரு தடவை வந்துபோக 17 டாலருக்கு மேல் செலவழித்திருந்தார்கள். அதே கூடத்தில் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலர்தான் ஆகியிருக்கும். இனி அடிக்கடி போவோம் என்ற நம்பிக்கையை விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். விளையாட்டிலும் அதேதான். விடுமுறை, கையில் கொஞ்சம் காசு, நண்பர்கள் எல்லோரும் இரவெல்லாம் உள்ளே இருக்கிறார்கள்: டிசம்பர் கடைசி வாரத்தில் எந்த விளையாட்டும் ஆயுளுக்கும் அலுக்காது என்று தோன்றும். பரீட்சையும் வேலையும் திரும்பும் பிப்ரவரியில் அதே கேள்வியைக் கேட்டால் பதில் மாறும். பண்டிகைத் தள்ளுபடிக்கு ஏன் கெடு வைக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

லாப நட்டம் பார்த்தா வாங்குகிறோம், பிடித்த விளையாட்டை உருவாக்குபவர்கள் பிழைக்கட்டும் என்றுதானே கொடுக்கிறோம் என்பவர்களும் உண்டு. அது நன்கொடை, மனமிருந்தால் கொடுக்கலாம், குறை சொல்ல எதுவுமில்லை. சிக்கனம் என்ற பெயரில் வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. வெளிவராத விளையாட்டுக்கு வாழ்நாள் சந்தா வேண்டவே வேண்டாம். வந்து சில ஆண்டுகள் தாண்டிய விளையாட்டு என்றால், கடந்த பன்னிரண்டு மாத அட்டைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். அதில் பத்து மாதமாவது அந்த விளையாட்டுக்குக் கட்டியிருந்தால் யோசிக்கலாம். மூன்றோ நான்கோ மாதம்தான் என்றால் ஆடும் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். அவசரம் ஒன்றுமில்லை, விளையாட்டு உயிரோடு இருந்தால் அடுத்த டிசம்பரிலும் தள்ளுபடி வரும்.