பல்லும் நகரும்

"அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். அம்மி நகர்வதைக் கண்டவர் நம்மில் எவரும் இரார். ஆனால் பல் நகர்வதை இன்று வீதிக்கு வீதி காண்கிறோம். தெற்றுப் பல்லோ, எடுப்புப் பல்லோ உள்ள குழந்தைகளுக்குக் கம்பி கட்டுவிப்பது நடுத்தரக் குடும்பங்களில் இப்போது சாதாரண விஷயமாகி விட்டது.

கம்பி கட்டுவது பல் வைத்தியரின் வேலை. ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு வருஷ காலம் அந்தக் கம்பியோடு உண்டு, உறங்கி, பேசி, பள்ளிக்கூடம் போய் வருவது குழந்தையின் வேலை. இடையில் உண்டாகும் உபாதைகளைப் பொறுக்க மாட்டாமல், கழற்றச் சொல்லி அடம் பிடிக்கும் குழந்தைகள் உண்டு. "போகட்டும், பல் எப்படி இருந்தால் என்ன?" என்று இசைந்து விடும் பெற்றோரும் உண்டு. செலவழித்த பணமும் பட்ட பாடும் அப்போது வீணாகின்றன. இந்தச் சிகிச்சை பலிப்பதும் பலியாததும் பெரும்பாலும் வீட்டுச் சமையலறையிலும் குழாயடியிலும் தீர்மானமாகிறது என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

வலி எதனால்?

பல், தாடை எலும்பில் ஆணி அறைந்தாற்போல் பதிந்திருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப் படலம் ஒன்று இருக்கிறது. கம்பி பல்லை இடைவிடாமல் மெதுவாக நெருக்கும்போது, நெருக்குண்ட பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப் பக்கத்தில் புதிய எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. இவ்வாறு பல் மாதத்திற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. நெருக்குண்ட நார்ப் படலம் அழற்சி கொள்வதே வலிக்குக் காரணம்.

கம்பி கட்டிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும். மறுநாள் உச்சத்தை அடையும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிந்து விடும். வைத்தியர் கம்பியை மாற்றும் போதும் முடுக்கும் போதும் இரண்டொரு நாள் எட்டிப் பார்த்துப் போகும். இந்தக் கணக்கைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிப் பயம் நீங்கும். எப்போது முடியும் என்று தெரியாத வலியே பொறுக்க முடியாத வலி அல்லவா?

"பெண்ணுக்குக் கல்யாணம் நெருங்குகிறது, சற்று வேகமாக முடுக்கக் கூடாதா?" என்று வைத்தியரை நெருக்குவோர் உண்டு. எலும்பு கரைந்து வளரும் வேகத்துக்கு மேல் பல்லைத் தள்ள இயலாது. பலத்தை அளவு கடந்து கூட்டினால் வேர் தேய்ந்து குட்டையாகும் அபாயம் உண்டு.

இவ்வித்தை நேற்றுப் பிறந்ததன்று. பிரெஞ்சு தேசத்துப் பியேர் போஷார் 1728-ல் வெளியிட்ட நூலிலேயே, பல்லை வரிசைப்படுத்தும் உலோகப் பட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் எட்வர்டு ஆங்கிள் 1900-ல் இதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். அக்காலத்தில் தங்கக் கம்பிகளே பெரிதும் வழக்கிலிருந்தன. துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகே செலவு குறைந்தது. நம் தேசத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரபியுதீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் நிறுவினார். 1970-களில் வழக்கத்திற்கு வந்த நிக்கல்-டைட்டானியம் கம்பிகள், மெல்லிய பலத்தை நெடுநாள் செலுத்த வல்லவை.

முதல் வாரத்துச் சாப்பாடு

முதல் சில நாட்களில் குழந்தையால் கடிக்க முடியாது. அதற்காகப் பட்டினி போடவோ, டப்பாவில் வரும் விலையுயர்ந்த மாவுகளை வாங்கவோ அவசியமில்லை. கஞ்சி, ராகிக் கூழ், குழைந்த தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, தேங்காய்ப் பாலில் நனைத்த இடியாப்பம், பருப்புக் கடைசல், வாழைப்பழம் ஆகியவை போதும். குளிர்ந்த நீரோ மோரோ வாயில் சிறிது நேரம் வைத்திருப்பது வலியைத் தணிக்கும். வலி மிகுந்தால் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாரஸிட்டமால் கொடுக்கலாம். அளவை வைத்தியரிடம் கேட்டுக் கொள்ளவேண்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது.

வலி தீர்ந்த பிறகும், கம்பி கழற்றும் வரை சில பண்டங்களுக்கு விடை கொடுத்தே ஆகவேண்டும். முறுக்கு, தட்டை, சீடை, கடலை உருண்டை, பொரிவிளங்காய் உருண்டை ஆகியவை பல்லில் ஒட்டிய உலோக வில்லையைப் பெயர்த்து விடும். கரும்பு கடிப்பதும், ஐஸ் கட்டி நொறுக்குவதும், பென்சில் கடிப்பதும் அப்படியே. அல்வாவும் சூயிங்கமும் கம்பியில் ஒட்டிக்கொண்டு வாரா. கொய்யாவையும் ஆப்பிளையும் சிறு துண்டுகளாக நறுக்கித் தரலாம்.

கோகுலாஷ்டமியன்று, "குழந்தை ஏங்குகிறதே!" என்று இரங்கி ஒரே ஒரு சீடையைக் கையில் வைக்கும் பாட்டியை யாரும் கோபிக்க முடியாது. ஆயினும் அந்த ஒரு சீடையால் வில்லை பெயர்ந்தால், மீண்டும் ஒட்டும் வரை அந்தப் பல் சொன்னபடி நகராது; சிகிச்சையும் நீண்டுகொண்டே போகும். பாட்டி அவல் பாயசம் வைத்துக் கொடுத்தால் அன்புக்கும் குறைவில்லை, பல்லுக்கும் கேடில்லை. சாப்பிட்டதும் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மற்றொரு சிறு விஷயம்: நம் வீட்டுச் சமையலின் மஞ்சள், கம்பியைப் பிடித்திருக்கும் நிறமற்ற ரப்பர் வளையங்களை மஞ்சளாக்கிவிடும். இதனால் தீங்கில்லை. வேண்டாதவர்கள் சாம்பல் நிற வளையம் கேட்டுப் பெறலாம்.

புண்ணும் குத்தும் கம்பியும்

முதல் இரண்டு வாரங்களில் கன்னமும் உதடும் வில்லைகளில் உராய்ந்து புண்ணாவது சகஜம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துத் தினம் நாலைந்து முறை கொப்பளித்தால் இதமாக இருக்கும். வைத்தியர் தரும் மெழுகில் பட்டாணி அளவு எடுத்து உருட்டி, வில்லையைப் பஞ்சால் துடைத்து உலர்த்திவிட்டு அதன் மேல் அழுத்தி ஒட்டலாம். தவறி விழுங்கினாலும் பயமில்லை. நாதஸ்வரமும் புல்லாங்குழலும் பயிலும் பிள்ளைகளுக்கு இம்மெழுகு பெரிய துணை.

கம்பியின் நுனி குத்தினால், பென்சிலின் ரப்பர் முனையைச் சுத்தம் செய்து, அதனால் மெதுவாக உள்ளே தள்ளி மெழுகு வைக்கவேண்டும். ஆடும் வில்லையைப் பிடுங்கலாகாது; வைத்தியருக்குத் தெரிவித்தால் போதும். பெயர்ந்த வில்லையை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். ஆனால் ஓயாத இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். முக வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

குழாயடியில்

வலியைவிடப் பெரிய சத்துரு அழுக்கு. வில்லையைச் சுற்றித் தங்கும் உணவிலிருந்து அமிலம் உண்டாகி, பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. சுண்ணாம்புத் திட்டுப் போன்ற வெள்ளைத் தழும்பு ஒரு மாதத்திற்குள்ளேயே தோன்றத் தொடங்கலாம். இரண்டு வருஷம் பொறுத்துக் கம்பியைக் கழற்றும் நாளில், வரிசையான பற்களின் மேல் சதுரம் சதுரமாகத் தழும்பு தெரிந்தால் எவ்வளவு ஏமாற்றம்!

வேப்பங்குச்சி நம் முன்னோர் தந்த நல்ல வழக்கமேயாயினும் கம்பிக்கு இடையில் அது நுழையாது. உமிக்கரியும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும். புளோரைடு கலந்த பற்பசையும், மெல்லிய பிரஷும், கம்பியின் அடியில் நுழையும் சிறு பிரஷும் வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கம்பிக்கு மேலும் கீழும் துலக்கவேண்டும். பள்ளியில் முடியாவிடில் நன்றாகக் கொப்பளித்தாவது விடவேண்டும்.

வகுப்பறையில்

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நாம் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. நேற்று வரை கணீரென்று பதில் சொன்ன பெண், கம்பி கட்டிய மறுநாள் வாயைக் கையால் மறைத்துக் கொள்கிறாள். பையன்கள் "கம்பி வேலி" என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். வாய்ப் புண் ஆறும். இந்தப் புண் எளிதில் ஆறுவதில்லை. முதல் வாரத்தில் அக்குழந்தையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமலும், மத்தியானம் வாய் கொப்பளிக்க அனுமதித்தும் ஆசிரியர்கள் உதவலாம். எலும்பு கரைந்து வளரும் அதிசயத்தை விஞ்ஞானப் பாடமாகவே வகுப்பில் விளக்கிவிட்டால், கேலி செய்த பையனே கிட்டே வந்து ஆச்சரியத்தோடு கேள்வி கேட்பான்.

கம்பியைக் கழற்றியதும் எல்லாம் முடிந்ததென்று எண்ணலாகாது. நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பவே பார்க்கும். அதைத் தடுக்க வைத்தியர் தரும் ரிடெய்னரைச் சொன்ன காலம் வரை அணியவேண்டும். வெந்நீரில் கழுவினால் அது வளைந்துவிடும். சாப்பிடும்போது காகிதத்தில் சுற்றி வைத்தால் எச்சில் இலையோடு போய்விடும். அதற்கென்று ஒரு டப்பாவைப் பிள்ளையின் பையில் வைத்தனுப்புங்கள், இரவு படுக்குமுன், "போட்டுக்கொண்டாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.