தூங்காத மோடம்

செயற்கைக்கோளை நம்பியிருந்தவரை அந்தமானில் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் கணக்கு உண்டு. கடலடி கேபிள் வந்தபின் அந்தக் கணக்கை மறப்பது எளிது.

வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. ஆனால் மூலையில் இருக்கும் மோடத்தின் பச்சை விளக்கு விடாமல் கண் சிமிட்டுகிறது. ஏதோ போகிறது, ஏதோ வருகிறது. சென்னையில் இருப்பவர் இதைக் கவனிக்காமல் போகலாம். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) அப்படி இருந்துவிட முடிந்ததில்லை.

2020 வரை தீவுகளுக்கு இன்டர்நெட் வந்த ஒரே வழி, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள். ஒரு கேள்வி போய் பதில் திரும்புவதற்கே அரை விநாடி பிடிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருந்த கொஞ்ச அலைவரிசையைத் தீவுகள் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டதுதான் உண்மையான தொல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம்.

இந்தப் பஞ்ச காலத்தில்தான், 2015 ஜூலையில், மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ஐ வெளியிட்டது. தானியங்கிப் புதுப்பித்தலை அனுமதித்திருந்த பழைய கம்ப்யூட்டர்களில், உரிமையாளர் கேட்காமலேயே அதன் கோப்புகள் இறங்கின என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அளவு 3.5 முதல் 6 ஜிகாபைட் வரை. 512 கிலோபிட் வேகம் சற்றும் குறையாமல் கிடைத்தாலும், 3.5 ஜிகாபைட் இறங்கப் பதினைந்து மணி நேரம் ஆகும். போதாததற்கு, இறங்கிய புதுப்பிப்புகளை முன்பின் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும் வசதியும் விண்டோஸ் 10-ல் சேர்ந்தே வந்தது. வீட்டுப் பதிப்பில் அது ஆரம்பத்திலேயே இயங்கும் நிலையில் இருந்தது. தாராள மனசுதான், ஆனால் அடுத்தவர் பணத்தில்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை - அந்தமான் கடலடி கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு 1,224 கோடி ரூபாய். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே விநாடிக்கு 200 ஜிகாபிட் வீதம் இரு தடங்கள். ஹேவ்லாக், கார் நிகோபார், கமோர்ட்டா என்று மற்ற தீவுகளுக்கும் அது கிளைவிட்டது. வேகம் வந்தது. திருட்டுப் போக்குவரத்தைக் காட்டிக்கொடுத்துவந்த மந்தம் போய்விட்டது.

இரவு நேரப் போக்குவரத்தில் பெரும்பகுதி அப்பாவி. கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சரிபார்க்கும், மெயில் பார்க்கும், வைரஸ் தடுப்பு மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து நெட்வொர்க் பக்கத்துக்குப் போனால், எந்த நிரல் எந்த முகவரியோடு எவ்வளவு பரிமாறுகிறது என்பது தெரியும். கவனிக்க வேண்டியது வெளியே போகும் அளவு. பெயர் தெரியாத நிரல் ஒன்று விடிய விடிய அனுப்பிக்கொண்டே இருந்தால் சந்தேகிக்கலாம். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தரவு சங்கேதமாக்கப்பட்டே போவதால், கடிதம் யாருக்கு என்பது தெரியுமே தவிர உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. கைதேர்ந்த தீய நிரலோ இந்தப் பட்டியலிலேயே தன் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளும்.

அதனால் எளிய சோதனை ஒன்று: கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு விளக்கைப் பார்ப்பது. அப்போதும் சிமிட்டினால் பதற வேண்டியதில்லை. திறந்த கதவு தேடி உலகெங்கும் இருந்து தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம். வீட்டிலுள்ள டிவியோ போனோகூடக் காரணமாக இருக்கலாம். குற்றவாளி மோடமாகவே இருப்பதும் உண்டு. 2016-ல் பரவிய மிராய் என்ற தீய நிரல் குறிவைத்தது கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான். 2017 ஜூலையில், ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றாத பி.எஸ்.என்.எல். மோடங்கள் தாக்கப்பட்டன. அதை மாற்றும்படி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, தொற்றுள்ள இணைப்புகளைக் கண்டறிந்து இன்டர்நெட் நிறுவனங்கள் மூலம் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்புகிறது. சுத்தம் செய்யும் நிரல்களையும் இலவசமாகத் தருகிறது. மோடம் விஷயத்தில் வைத்தியம் இன்னும் எளிது: பின்புறமுள்ள சிறு துளையில் ஊசியால் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி இணைக்கும் முன் கடவுச்சொல்லை மாற்றுவது.