மருந்தும் பராமரிப்பும் ஒரே தாளில்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தின் பல குடும்பங்களை லயத்தையும், மரக்கறிப் பாத்தியையும், மாட்டையும் விட்டுப் புறப்பட வைத்தன. படுக்கையில் இருக்கும் முதியவரைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்களின் சுமை இன்னும் பெரியது. பாடசாலை மண்டபத்திலோ உறவினர் வீட்டிலோ பாயும் சோறும் எப்படியோ கிடைத்துவிடும். ஆனால் “பாட்டிக்கு என்ன குளிசை, எத்தனை மணிக்கு?” என்று வைத்தியர் கேட்டால், “வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சள் ஒன்று” என்பதற்கு மேல் சொல்ல முடிவதில்லை. இக்குறையை நாமே தீர்த்துக்கொள்ளலாம்.

தாதியரின் வழி

வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் நீண்டகாலம் தங்குபவர்களுக்குத் தாதியர் பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுதுவார்கள். உணவு, குளிப்பாட்டல், புரட்டிப் படுக்கவைத்தல், படுக்கைப் புண், மலசலம் யாவும் அதில் இருக்கும். மருந்துக்குத் தனி அட்டை இருந்தாலும் திட்டத்திலும் மருந்து இடம்பெற வேண்டும். ஏனெனில் ஒரு குளிசை முதியவரின் முழு நாளையும் மாற்றக்கூடியது. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

கால் வீக்கத்துக்கும் இருதய நோய்க்கும் கொடுக்கும் புரூசமைட் சிறுநீரைப் பெருக்கும். மாலையில் கொடுத்தால் முதியவர் இரவில் பலமுறை எழும்புவார். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நனைந்த படியில் இருட்டில் இறங்கினால் இடுப்பெலும்பு முறியும். ஆகவே வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் அதைக் காலையில் கொடுப்பதே நல்லது.

பிரஷர் குளிசை எடுப்பவர் திடீரென எழுந்தால் தலை சுற்றும். முதலில் உட்காரவைத்து, சற்றுப் பொறுத்து, பிறகு எழுப்ப வேண்டும்.

சீனி வருத்தத்துக்கான கிளிக்ளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. நிவாரணச் சோறு பிந்தினால் இரத்தத்தில் சீனி குறைந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் உண்டாகும். நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

இரும்புச்சத்துக் குளிசையைச் சாயத்தண்ணியோடு விழுங்கினால் அதன் பயன் பெரிதும் குறையும். தைரொக்சினைக் காலையில் வெறும் வயிற்றில், தேநீருக்கு அரைமணி நேரமாவது முன்னர் கொடுக்க வேண்டும்.

இரண்டு பெயர், ஒரே மருந்து

ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் விற்கப்படுகிறது. கிளினிக்கில் கொடுத்த பரசிற்றமோலையும் கடையில் வாங்கிய பனடோலையும் வேறுவேறென நினைத்து இரண்டையும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகி ஈரல் பாதிக்கப்படலாம். பேராசிரியர் சேனக பிபிலே மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால் வழங்க வேண்டும் என்று பாடுபட்டவர். 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. ஆகவே பொதுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்டிருந்தால் மருந்து கொடுப்பவரிடம் சொல்லக் கேட்டு, பக்கத்தில் தமிழிலும் எழுதுங்கள்.

தாளில் எழுத வேண்டியவை

1. முதியவரின் பெயர், வயது, நோய்கள், ஒவ்வாத மருந்துகள்.
2. ஒவ்வொரு மருந்தின் பொதுப்பெயரும் அளவும்.
3. எதற்காகக் கொடுக்கப்படுகிறது.
4. காலை, பகல், இரவு. சாப்பாட்டுக்கு முன்னரா பின்னரா.
5. கவனிக்க வேண்டியவை: தலைச்சுற்று, மலச்சிக்கல், அதிக தூக்கம், இரத்தக் கசிவு போன்றவை.
6. கொடுக்கும் பொறுப்பு யாருடையது. அவர் கொழுந்து பறிக்கவோ கூலி வேலைக்கோ போனால் அடுத்தவர் யார்.

கொடுத்தவுடன் ஓர் அடையாளம் இடுங்கள். இல்லாவிட்டால் மகளும் மருமகளும் தனித்தனியே கொடுத்துவிடலாம். இருவருமே கொடுக்காமலும் விடலாம். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்க வேண்டாம். விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு எல்லாக் குளிசைகளையும் நசுக்கிக் கொடுக்கவும் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை நசுங்கினால் முழு வேகமும் ஒரேயடியாக உடலில் சேரும். நசுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். சுகமாகிவிட்டதென்று நாமாக மருந்தை நிறுத்துவதும் ஆபத்தானது.

தாளும் கூடவே போகட்டும்

வட்டவளை வைத்தியசாலையிலிருந்து நாவலப்பிட்டிக்கோ டிக்கோயாவுக்கோ அனுப்பப்படும்போதும், அங்கிருந்து வீடு திரும்பும்போதும் மருந்துகள் மாறும். பழையதும் புதியதும் கலந்துபோவது பெரும்பாலும் அப்போதுதான். உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துத் தீங்கைக் குறைக்கும் உலகளாவிய முயற்சியொன்றைத் தொடங்கியபோது, நோயாளர் இடம் மாறும் வேளையை முக்கியமாகக் கவனிக்க வேண்டிய மூன்று விடயங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. வீட்டையே மாற்ற நேர்ந்த நமக்கு இது இன்னும் பொருந்தும்.

ஒவ்வொரு கிளினிக் நாளிலும் தாளைக் காட்டுங்கள். நிறுத்திய மருந்தைத் திகதியிட்டு வெட்டிவிடுங்கள். தாளையும் கிளினிக் கொப்பியையும் மருந்தையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டி, கையில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். குளிசைகள் அவற்றின் உறையிலேயே இருக்கட்டும். ஈரச் சுவரும் அடுப்பு மேடையும் அவற்றுக்கு ஆகாது. தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைக்கும் அனுப்பலாம்.

பாடசாலை செல்லும் பேரப்பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடிக்கக்கூடிய வேலை இது. மறுபடியும் மழை வலுத்து, இரவோடிரவாகப் புறப்பட நேர்ந்தால், முதியவரோடு அந்தப் பையும் வரட்டும்.