மலைச்சரிவில் தொடரும் ஊர்த் திருவிழா

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாகச் செல்லும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொன்முடியை அடைகிறது. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், மூடுபனியும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த இம்மலையைக் காணப் பலரும் வருகின்றனர். ஆனால், இதே மலைத்தொடரின் வடபுறத்தில், குளத்துப்புழை, புனலூர் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை அறிந்தவர் சிலரே. அக்குடும்பங்களின் மூத்த தலைமுறையினர் தம் குழந்தைப் பருவத்தை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் கழித்தவர்கள்.

19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கண்டிச் சீமைக்குப் பிழைக்கச் சென்றவர்கள், தம் ஊர் வழக்கங்களையும் உடன்கொண்டு சென்றனர். லயத்து வீடுகளில் பிறந்த குழந்தைகள் தம் பூர்விக ஊரைக் கண்டதில்லை. எனினும் மாரியம்மன் திருவிழாவும் பொங்கலும் காமன் கூத்தும் அவர்களுக்கு அவ்வூரை அறிமுகப்படுத்தின.

மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு, ரதி மன்மதன் கதையைத் தோட்டத்து மக்களே ஆடுவர். சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவதும், ரதியின் வேண்டுதலால் மீண்டும் உயிர்பெறுவதும் அக்கதை. ஆடுபவர்கள் வெளியூர்க் கலைஞர்கள் அல்லர். பகலெல்லாம் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் உழைத்த அண்டை வீட்டார். தப்பு முழங்கியதும் ஓடிவரும் பிள்ளைகள் பார்த்தும் கேட்டுமே பாட்டையும் ஆட்டத்தையும் கற்றனர்.

1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க இசைந்தன. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய பயணத்தை அரசு ஆவணங்கள் ‘தாயகம் திரும்புதல்’ என்றன. ஆனால் தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கு அது பிறந்த மண்ணையும் விளையாட்டுத் தோழரையும் பிரிந்து, அறியாத நாட்டுக்குப் புறப்படுவதாகவே இருந்தது.

அவ்வாறு வந்தோருள் ஒரு பகுதியினருக்கு வேலை அளிக்கவே, 1976இல் மத்திய அரசும் கேரள அரசும் இணைந்து புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு ரிஹாபிலிடேஷன் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. கொழுந்து பறித்துப் பழகிய கைகள் ரப்பர் பால் வெட்டக் கற்றன. சுற்றிலும் மலையாளம் ஒலித்தது. ஆவணியில் வாசல்தோறும் ஓணத்தின் அத்தப்பூக்கோலம் மலர்ந்தது.

எனினும் அங்கே எல்லாமே அந்நியமாக இருக்கவில்லை. காமன் கூத்து நிகழும் அதே மாசியில், மலையாளக் கணக்கில் கும்ப மாதத்தில், திருவனந்தபுரம் ஆற்றுகால் பகவதி கோயிலைச் சுற்றிய தெருக்களில் இலட்சக்கணக்கான பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகின்றனர். மண்பானையும் பச்சரிசியும் வெல்லமும் குரவை ஒலியும் தமிழ்க் குழந்தை நன்கறிந்தவையே. தைப்பொங்கலுக்கும் திருவனந்தபுரம், கொல்லம் உள்ளிட்ட ஆறு எல்லையோர மாவட்டங்களில் கேரள அரசு விடுமுறை அளிக்கிறது.

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகளை வளர்க்கும் நம் வாசகர்கள் பலருக்கு, ஊர் மறந்துபோகுமோ என்னும் கவலை உண்டு. தோட்டத்துப் பெற்றோரிடம் பொருள் வசதியோ நீண்ட விடுமுறையோ இருக்கவில்லை. அவர்கள் விழாவைப் பிள்ளைகளின் கண்முன்னே தம் கைகளாலேயே நடத்தினர்.

நாமும் அதைச் செய்யலாம். கோலத்திற்குப் புள்ளி வைப்பதையும், அரிசி களைவதையும், பொங்கல் எப்படி வந்தது என்று ஊரிலுள்ள அப்பத்தாவிடம் தொலைபேசியில் சொல்வதையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுவோம். நாம் அனுப்பும் பணத்தில் ஊரில் வீடு எழும்பும்; அந்த வீட்டுக்கு ஒருநாள் உரிமையோடு வருவதற்குப் பிள்ளைகளுக்கு இத்தகைய பழக்கமும் வேண்டும்.