மரவேலைக்கு எந்த மிஷின்?

சமையலறை மிக்சிக்குள் இருக்கும் மோட்டாரும் தச்சர் கையில் இருக்கும் டிரில்லிங் மிஷினின் மோட்டாரும் ஒரே வகை. செம்புக் கம்பி சுற்றிய ஆர்மேச்சர், அதன் ஒரு முனையில் உரசிக்கொண்டே மின்சாரம் ஊட்டும் இரண்டு கார்பன் துண்டுகள். இதற்கு யூனிவர்சல் மோட்டார் என்று பெயர். தண்ணீர் பம்பிலும் வெட் கிரைண்டரிலும் ஓடுவது இண்டக்‌ஷன் மோட்டார். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த மோட்டாரால் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட முடியாது. யூனிவர்சல் மோட்டாருக்கு அந்த வரம்பு இல்லை. 20,000 சுற்றையும் தாண்டி ஓடும். அவ்வளவு வேகம் இருப்பதால்தான் பலகையைத் துளைக்கும் பலம் ஒரு கையில் அடங்கும் எடைக்குள் கிடைக்கிறது. அந்தக் கூச்சலும் சூடும் வேகத்தோடு சேர்ந்தே வருபவை.

வீட்டில் ஒரு அலமாரியோ பெஞ்சோ தானே செய்துபார்க்க நினைப்பவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை வாட்?” அட்டைப்பெட்டியிலும் அதைத்தான் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள். அந்த எண், மிஷின் சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தின் அளவு. பிளேடின் முனையில் நடக்கும் வேலையின் அளவு அல்ல. இழுத்ததில் கணிசமான பகுதி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். வாட்டையும் வேகத்தையும் மலிவாகவே தயாரித்துவிடலாம். அந்த வேகத்தை அடக்கி, கைக்குக் கட்டுப்பட வைக்கும் பாகங்கள்தான் விலை பிடிக்கின்றன. பல்சக்கரம், பேரிங், சுவிட்ச், பிளேடை மூடும் காப்பு, மரத்தின் மேல் படியும் அடித்தட்டு ஆகியவையே அவை. மிஷினைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவையும் இவைதான்.

கைமிஷின்களின் வரலாறே இந்த அடக்கத்தின் வரலாறுதான். கையில் தூக்கிச் செல்லும் முதல் மின் டிரில்லை 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் உருவாக்கியது. அதைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும். துப்பாக்கிக் கைப்பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917-இல் காப்புரிமை பெற்றது. விரலை எடுத்தால் மிஷின் நிற்கும். இன்றைய டிரில் ஒவ்வொன்றும் அந்த வடிவத்தின் வழிவந்ததே.

முதலில் வாங்க வேண்டியது டிரில். விசையை அழுத்த அழுத்த வேகம் கூடுவதாகவும், எதிர்த்திசையில் சுற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருந்தால் இன்னும் நல்லது. அது கிளட்ச். ஸ்க்ரூ போதிய அளவு இறுகியதும் ‘டக் டக்’கென்று சத்தமிட்டு விட்டுவிடும், ஸ்க்ரூவின் தலை மழுங்காது, பிளைவுட்டுக்குள் அமிழ்ந்தும் போகாது. ‘ஹேமர்’ என்று இருக்கும் மாற்று விசை செங்கல் சுவருக்கானது. பல் வைத்த இரண்டு தட்டுகள் உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கித் தட்டும். மரத்தில் அதைப் போட்டால் துளையின் விளிம்பு சிதையும். கான்கிரீட் தூணில் ஓட்டை போட காற்றழுத்தத்தால் இடிக்கும் ரோட்டரி ஹேமர் என்ற வேறு மிஷின் உண்டு. வருடத்தில் ஒருநாள் தேவைப்படும் அதை வாடகைக்கு எடுப்பதே சரி. தேக்கு, வேங்கை போன்ற கெட்டி மரங்களில் ஸ்க்ரூவை நேரடியாக ஏற்றக் கூடாது. அதைவிட மெல்லிய துளை ஒன்றை முதலில் போட்டுவிட்டால் மரமும் பிளக்காது, ஸ்க்ரூவும் முறியாது.

அறுக்கும் மிஷினில்தான் ஆபத்து அதிகம்; தவறான வாங்கலும் அதில்தான் அதிகம். தமிழ்நாட்டில் இன்டீரியர் வேலை நடக்கும் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பிளைவுட் அறுபடுவது நாலு இன்ச் மார்பிள் கட்டரில்தான். கல் அறுக்கும் தட்டைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டியிருப்பார்கள். விலை குறைவு, எடை குறைவு, ஒரு கையால் தூக்கிவிடலாம். பல வருடம் கையோடு பழகியவர்கள் அதில் நேர்த்தியாகவே வேலை செய்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் அதைப் பார்த்து வாங்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன்.

காரணம் இதுதான். மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு சுமார் 12,000 சுற்று சுற்றும். 110 மில்லிமீட்டர் பிளேடின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 69 மீட்டர் ஓடுகிறது. மரத்துக்கென்றே செய்த ஏழு இன்ச் சர்க்குலர் சா சுமார் 5,000 சுற்றுதான் சுற்றும்; அதன் விளிம்பு வேகம் நொடிக்கு 48 மீட்டர் அளவில் நிற்கும். கல் அறுக்கும் தட்டுக்குப் பல் கிடையாது, அது தேய்த்துத்தான் அறுக்கிறது. மர பிளேடின் பல்லோ கடித்து இழுக்கும். அறுபட்ட வாய் பின்பக்கம் மூடிக்கொண்டால் மரம் பிளேடைக் கவ்வும். அந்தக் கணத்தில் மிஷின் முழு வேகத்தோடு பிடித்திருப்பவரை நோக்கி எகிறும். சர்க்குலர் சாவில் ஸ்பிரிங் வைத்த கீழ்க்காப்பு ஒன்று உண்டு. மரத்தை விட்டு வெளியே வந்ததும் அது தானாகத் திரும்பி வந்து பிளேடை மூடிவிடும். மார்பிள் கட்டரில் இருப்பது அசையாத அரைக்காப்பு. பிளேடின் அடிப்பாதி திறந்தே கிடக்கும். போதாததற்குப் பல மாடல்களில் விசையை ஓடும் நிலையிலேயே பூட்டிவைக்கும் பொத்தானும் இருக்கிறது. கை நழுவிக் கீழே விழுந்தாலும் அது சுற்றிக்கொண்டே தரையில் ஓடும். எந்த மிஷினில் மாட்டுவதானாலும், பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் மிஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஆங்கிள் கிரைண்டரில் பல் பிளேடு மாட்டி மரம் அறுப்பது இதையும்விட மோசம். அதற்கு மரத்தின் மேல் படிய அடித்தட்டே கிடையாது. எவ்வளவு ஆழம் போக வேண்டும், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் முழுக்கக் கையின் பொறுப்பு. 100 மில்லிமீட்டர் தட்டு 11,000 சுற்றில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது கையால் எதையும் திருத்த நேரம் இருக்காது. கிரைண்டர் இரும்புக்கு நல்ல மிஷின். இரும்போடு இருக்கட்டும்.

சர்க்குலர் சாவின் கதைக்குள் ஒரு கரும்புத் தோட்டம் உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் மிஷேல் என்பவர், கூலியாட்கள் கத்தியால் கரும்பு வெட்டி ஓய்ந்துபோவதைப் பார்த்து, கத்தியில் மோட்டாரைப் பொருத்த முயன்றார். 1920-களில் அந்த முயற்சியிலிருந்து பிறந்ததே கையில் பிடிக்கும் வட்ட ரம்பம்.

ஏழு இன்ச் பிளேடு 60 மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான ஆழம் வரை அறுக்கும். கதவு நிலையின் சட்டத்தைத் தவிர வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் அது போதும். நார் ஓடும் திசையில் நீளவாக்கில் அறுக்க 24 பல் பிளேடு. பிளைவுட்டுக்கும் குறுக்கு அறுப்புக்கும் 40 அல்லது 60 பல். பல் குறைந்தால் வேகம், கூடினால் வழுவழுப்பு. பல் பலகையின் அடியைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் மட்டும் தெரியும்படி ஆழத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பலகையை முட்டுக்கொடுக்கும் விதத்தில்தான் விபத்து தீர்மானமாகிறது. அறுபட்டு விழும் துண்டு தடையில்லாமல் விழ வேண்டும். இரண்டு முனைகளிலும் ஸ்டூல் வைத்து நடுவில் அறுத்தால் பலகை தொய்ந்து வாய் மூடும், மிஷின் எகிறும். பிளேடின் பல் கீழிருந்து மேலாக ஏறி வருவதால் சிலும்பு தெறிப்பது மேல்பக்கத்தில். அதனால் மைக்கா ஒட்டிய முகத்தைக் கீழே வைத்து அறுப்பது வழக்கம். நேர்கோட்டுக்கு அலுமினியச் சட்டம் ஒன்றை கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே மிஷினைத் தள்ளினால் மில் அறுப்புக்கு நெருக்கமாக வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், டிரில்லுக்கு அடுத்தபடியாக வாங்க ஜிக்சாவையே முன்வைப்பேன். மேலும் கீழும் குத்தி அறுக்கும் மெல்லிய பிளேடு அதில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஸ்கின்டில்லா நிறுவனப் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன் 1946-இல் தையல் மிஷினின் ஊசி இருந்த இடத்தில் ரம்பத் துண்டை மாட்டிப் பார்த்ததில் கிடைத்த யோசனை அது. மிஷின் எகிறும் பயம் மிகக் குறைவு. வளைவும் வட்டமும் அறுக்கலாம். தடித்த தேக்குச் சட்டத்தில் பிளேடு வளைந்து அறுப்பு சாய்ந்துவிடும் என்பது அதன் குறை. ஒரு இன்ச்சுக்குள் இருக்கும் பலகைகளோடு நிறுத்திக்கொண்டால் அந்தக் குறை தெரியாது.

உப்புத்தாள் தேய்க்கும் மிஷினில் ரேண்டம் ஆர்பிட் வகையை எடுங்கள். வட்டக் கீறல் விழாது. 80, 120, 180 என்று நம்பர் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மின் இழைப்புளி தேவையில்லை. பட்டறையில் இழைத்தே தருகிறார்கள், மிச்சத்துக்குக் கை இழைப்புளி போதும்.

பேட்டரி மிஷின்களில் ஒருவர் 18 வோல்ட் என்பார், இன்னொருவர் 20 வோல்ட் என்பார். இரண்டுக்குள்ளும் வரிசையாக இணைத்த ஐந்து லித்தியம் செல்கள்தான். செல் ஒன்றுக்குச் சராசரி 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18. முழுதாக ஏறியவுடன் அளந்தால் 20-ஐத் தொடும். கூடுதல் பலம் எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது ஆம்பியர்-மணி எண். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் மிஷினில் பொருந்தாது. முதல் டிரில்லைத் தேர்ந்தெடுக்கும்போதே அடுத்து வாங்கப்போகும் மிஷின்களையும் அநேகமாகத் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். டிரில் பேட்டரியில் இருப்பது சுகம். மணிக்கணக்கில் ஓடும் அறுப்புக்கும் தேய்ப்புக்கும் ஒயர் மிஷினே சிக்கனம்.

கொல்லைப்புறத்துக்கு வருவோம். புல் வெட்டும் பிரஷ் கட்டரின் நைலான் நரம்பு, 1971-இல் ஹூஸ்டன் நகரத்துக்காரர் ஜார்ஜ் பாலஸ் கார் கழுவும் நிலையத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்துக் கண்டுபிடித்தது. சுவர் ஓரத்துக்கும் கல் கிடக்கும் இடத்துக்கும் நரம்பு பொருந்தும். இளம் மாங்கன்று, எலுமிச்சைக் கன்று பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் இலை தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்காமல் கன்று பட்டுப்போகும். தண்டு முற்றிய சீமைக்கருவேலச் செடிக்கு மூன்று முனை இரும்பு பிளேடு வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும்; 25-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கக் கூடாது. ஓடும்போது 15 மீட்டர் தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் முக்கியமாக.

செயின் சாவின் இன்றைய பல்லுக்கு மாதிரி ஒரு புழு. அமெரிக்காவின் ஆரிகன் பகுதியில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், பட்டுப்போன மரத்தில் வண்டின் புழு ஒன்று இடமும் வலமுமாகத் தாடையை அசைத்து, நாரின் போக்கைப் பற்றிக் கவலைப்படாமல் துளைத்துச் செல்வதைக் கவனித்தார். 1947-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த சங்கிலியில் அதே போல இடம் வலமாக மாறி மாறிக் கடிக்கும் பற்கள் இருந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டபோது, விழுந்த மரங்களை அப்புறப்படுத்த இந்தச் சங்கிலிதான் ஊர் ஊராக ஓடியது. தென்னை மற்ற மரம் போல இல்லை. வெளிப்பக்கம் இரும்பாக இருக்கும், நடு சோறு போல மெத்தென்று இருக்கும், நாரோடு சிலிகாவும் கலந்திருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். சிம்பு சிம்பாகத் தெறிப்பதற்குப் பதில் மாவாகக் கொட்டினால் அரம் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. சங்கிலி ஓடும் சட்டத்தின் மூக்கின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் தூக்கியடிக்கும். விழுந்து கிடப்பதைத் துண்டுபோடக் கற்றுக்கொள்ளலாம். வீட்டை ஒட்டியோ மின்கம்பியை ஒட்டியோ நிற்கும் மரத்தைக் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே உறுதியான பட்டியலில் சேர்த்துவிட்டது. என்-95 முகக்கவசமும், கண்ணாடியும், காதடைப்பும் மிஷினோடு சேர்த்தே வாங்க வேண்டியவை. கையுறை மட்டும் சுழலும் பிளேடின் பக்கம் கூடாது; நூல் மாட்டினால் கையைச் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டும் துப்பட்டாவும், கட்டிய லுங்கியும் அப்படித்தான்.

இன்னும் இரண்டு விஷயம். மெல்லிய ஒயர் போட்ட நீண்ட எக்ஸ்டென்ஷனில் மிஷினை ஓட்டினால் வோல்டேஜ் இறங்கும், பளு ஏறும்போது மோட்டார் திணறி காயில் கருகும். கூடியவரை குறுகிய, தடித்த ஒயர் வையுங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கும் இணைப்பிலிருந்து எடுங்கள். அடுத்தது, நம்மூரில் தெருவுக்குத் தெரு இருக்கும் காயில் கட்டும் கடை. மிஷின் வாங்கும் முன் அங்கே போய், எந்த மாடலுக்கு ஆர்மேச்சரும் கார்பனும் சுலபமாகக் கிடைக்கிறது என்று கேளுங்கள். விற்பவரைவிடப் பழுது பார்ப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். பழைய மிஷின் வாங்குவதாக இருந்தால், ஓடவிட்டுக் காற்றுத்துளை வழியாக உள்ளே பாருங்கள். கார்பன் உரசும் இடத்தில் சின்ன நீலப்பொறி இருப்பது இயல்பு. ஆர்மேச்சரைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் அதன் காயில் போய்விட்டது. எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.